நோட்டீஸில் உங்கள் பெயர் இருக்கிறதா? அரசு உதவி தேடும் புதுக் கலைஞர்களுக்கு

நையாண்டி மேளத்தில் பம்பை வாசிக்கும் பெரியவர் ஒருவர் போன மாசியில் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். திறந்தால் உள்ளே நாற்பது வருடத் திருவிழா நோட்டீஸ்கள். மஞ்சள், ரோஸ், பச்சை என்று மடித்து மடித்து அடுக்கி வைத்திருந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள் என்றார். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அன்னதான உபயம் யார், மைக்செட் யார், வாண வேடிக்கை யார் என்று எல்லோருடைய பெயரும் தகப்பனார் பெயரோடு, கடைப் பெயரோடு அச்சாகியிருந்தது. மேளத்துக்கு மட்டும் ‘பிரபல நையாண்டி மேளக் குழுவினர்’ என்ற ஒரே வரி. அத்தனை நோட்டீஸிலும் தேடி, அவர் பெயர் அச்சாகியிருந்த எட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தோம்.

பத்து வருடமாக எங்கள் பகுதிக் கலைஞர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அதில் நான் பார்த்தது இதுதான்: கலை குறைவு என்று திரும்பிவந்த விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை, எல்லாம் காகிதம் இல்லாமல் திரும்பியவைதான். அதனால் பறை அடிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், கூத்து ஜமாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நாதஸ்வரம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதை விவரமாக எழுதுகிறேன். முதல் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு என்று கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

எந்தக் கதவு யாருக்கு

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். ‘அரசு உதவி’ என்று ஒரே இடம் கிடையாது.

கலை பண்பாட்டுத் துறை தமிழ்நாட்டு அரசின் துறை. இசைப் பள்ளிகள், கல்லூரிகள், மண்டல அலுவலகங்கள் அதன்கீழ் வருகின்றன. காஞ்சிபுரம், சேலம், கோவை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஏழு ஊர்களில் மண்டலக் கலை பண்பாட்டு மையங்கள் உள்ளன. உங்கள் மாவட்டம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அதிகம் போய்வரப் போகும் வாசல் அதுதான்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருப்பதுபோல, கரகம், காவடி, பறை, கூத்து, வில்லுப்பாட்டு, பாவைக்கூத்துக் கலைஞர்களுக்கான வாரியம் இது.

இயல் இசை நாடக மன்றம் இவற்றைவிடப் பழையது. 1955-இல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கி, 1973-இல் இன்றைய பெயரைப் பெற்றது. கலைமாமணி விருது இங்கிருந்து வருவதால் பெரிய வித்வான்களுக்கு மட்டுமான இடம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி நினைக்காதீர்கள். நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை, வாத்தியமும் உடையும் வாங்க நிதி எல்லாம் மன்றத்தின் வழியாகத்தான் வருகின்றன.

மத்திய அரசின் பக்கம் தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தையும், கலாச்சார அமைச்சகத்தின் உதவித்தொகைகளையும் நினைவில் வைத்தால் போதும்.

முதல் வேலை: பெயரை ஒன்றாக்குங்கள்

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் ‘முனியாண்டி’, இன்னொன்றில் ‘முனியன்’. மேடைப் பெயரோ இந்த மூன்றிலும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தவில்காரருக்கு உதவித்தொகை அனுமதியாகியும் பணம் வரவே இல்லை. வங்கிக் கணக்கில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர். திருத்தி முடிப்பதற்குள் பதினோரு மாதம் ஓடிவிட்டது.

ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மேடைப் பெயர்தான் ஊருக்குத் தெரியும் என்றால், ‘இந்த இருவரும் ஒருவரே’ என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையும் சரிபாருங்கள். மூத்த கலைஞர்கள் பலரின் ஆதாரில் குத்துமதிப்பாக ஒரு ஜனவரி 1 போட்டிருப்பார்கள். வயது வரம்புள்ள திட்டங்களில் அந்த ஒரு தேதியாலேயே வாய்ப்பு நழுவும்.

வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையத்தில் கிடைக்கும். வருமானச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு, அதைக் கடைசியில் எடுத்தால் போதும்.

இரண்டாவது வேலை: கோப்பு

மேடை ஏறியதற்கான ஆதாரங்களைச் சேர்த்து வைப்பதுதான் கோப்பு. எல்லாவற்றிலும் முக்கியமான படி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அச்சாரம் வாங்கும் அன்றே விழாக் கமிட்டியிடம் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, நோட்டீஸில் குழுப் பெயரோடு எங்கள் ஆட்கள் பெயரையும் போடுங்கள்.” அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் தெளிவாக எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். போனில் சொன்னால் பெயர் தப்பாகத்தான் வரும். சம்பளத்தில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம், பெயருக்கு யாரும் பேசுவதில்லை. குழுவில் கரகம் ஆடுகிறவர், சுருதிப்பெட்டி வைத்திருக்கும் சிறுவன் வரை எல்லோர் பெயரும் வரவேண்டும். நாளை அந்தச் சிறுவனும் விண்ணப்பிப்பான்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது கமிட்டித் தலைவரிடமோ தர்மகர்த்தாவிடமோ நாலு வரிச் சான்று வாங்குங்கள். தேதி, ஊர், விழா, என்ன கலை, யார் யார் வந்தார்கள், முத்திரை. இதை நீங்களே முன்கூட்டி எழுதி எடுத்துப்போனால் கையெழுத்துப் போடுவது அவர்களுக்குச் சுலபம். விடிய விடிய ஆடிவிட்டு வேன் ஏறும் அவசரத்தில் விட்டுவிட்டால் அப்புறம் அந்த ஊருக்குத் திரும்பப் போய்க் கேட்பது நடக்காது.

புகைப்படத்தில் முகம் தெரியவேண்டும், பின்னால் விழாப் பேனரும் தேதியும் தெரியவேண்டும். இரண்டும் சேர்ந்து வராத படம் ஆதாரத்துக்கு உதவாது.

காணொலி இப்போது மிகவும் அவசியமாகிவிட்டது. சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023 பொங்கலிலிருந்து ‘நம்ம ஊரு திருவிழா’ என்று மறுபடி நடக்கிறது. பிற நகரங்களிலும் சங்கமம் நடத்துகிறார்கள். குழுவைத் தேர்வு செய்யக் காணொலிப் பதிவு பார்க்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் எடுத்த ஆட்டம்காணும் பதிவைக் கொடுக்காதீர்கள். காலை வெயிலில் திறந்த இடத்தில் குழுவை நிறுத்தி, வெட்டு ஒட்டு இல்லாமல் ஐந்து நிமிடம் எடுங்கள். பறையோ உறுமியோ இருந்தால் செல்போனைப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். கிட்டத்தில் வைத்தால் அடி விழும்போதெல்லாம் சத்தம் கிழிந்து, சுண்டுக்குச்சியின் நுணுக்கமே கேட்காது. பறையைத் தீயில் காய்ச்சி முடித்த உடனே எடுத்துவிடவேண்டும். தோல் தொய்ந்தபின் எடுத்த பதிவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஒருவர் நின்று பெயர், ஊர், மாவட்டம், கலை ஆகியவற்றைச் சொல்லட்டும்.

வானொலியை மறந்துவிடாதீர்கள். அகில இந்திய வானொலி நிலையங்கள் குரல் தேர்வும் வாத்தியத் தேர்வும் நடத்தித் தரம் கொடுக்கின்றன. சென்னை நிலையம் 1938-லிருந்தும் திருச்சி நிலையம் 1939-லிருந்தும் ஒலிபரப்புகின்றன. கிராமியப் பாடலுக்கும் தேர்வு உண்டு. ‘பி’ தரம் கிடைத்தாலே போதும், அது எந்த அலுவலகத்திலும் மறுக்கமுடியாத சான்று.

இவை எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். அந்தத் தகரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: வாரிய அட்டை

18 வயது முடிந்து 60 ஆகாத நாட்டுப்புறக் கலைஞர் வாரியத்தில் உறுப்பினராகலாம். படிவம் மண்டல அலுவலகத்தில் கிடைக்கும். உறுப்பினருக்கு அடையாள அட்டை தருவார்கள். அதை வைத்துப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு உதவி கேட்கலாம். தொகைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று நடப்பில் இருப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் ‘எனக்கு எதற்கு இப்போது?’ என்கிறார்கள். சீசனில் இரவெல்லாம் வேனில் ஊர் ஊராகப் போகிறீர்கள், ஆட்டம் முடிந்து தூக்கக் கலக்கத்தில் திரும்புகிறீர்கள். விபத்து நடந்தபின் சேரமுடியாது. இதை நான் கெஞ்சியே சொல்வேன்: குழுவில் 18 முடிந்த எல்லோரும் ஒரே நாளில் சேருங்கள். பெண் கலைஞர்கள் தங்கள் பெயரிலேயே தனியாகச் சேரவேண்டும். கணவரின் அட்டையில் மனைவியின் கலை சேராது.

அட்டை வந்ததும் முடிந்தது என்று இருந்துவிடாமல், புதுப்பிக்கவேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நான்காவது: மன்றமும் மாவட்டமும்

இயல் இசை நாடக மன்றம் இசைக் கருவிகள், ஆடை அணிகலன்கள் வாங்கக் கலைஞர் ஒருவருக்கு 10,000 ரூபாய் வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கவேண்டும். இந்தத் தொகையில் புது நாதஸ்வரம் வாங்கிவிட முடியாதுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல வாத்தியத்துக்கு இதைவிடப் பல மடங்கு ஆகும். ஆனால் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிகள், பம்பைக்குத் தோல், சலங்கை, கட்டைக்கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் என்று வருடா வருடம் கைக்காசு கரைகிற இடங்களுக்கு இது பெரிய ஆறுதல். எதற்கு வேண்டும் என்று எழுதும்போது ‘இசைக் கருவி’ என்று பொதுவாக எழுதாமல், ‘பம்பை ஒரு ஜோடிக்குத் தோல் மாற்ற, சலங்கை இரண்டு ஜோடி’ என்று எழுதுங்கள். வாங்கியபின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

58 வயதைக் கடந்த, வறுமையில் உள்ள கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை 3,000 ரூபாய். இது வாழ்க்கைக்குப் போதாது. வாழ்நாள் முழுக்க சாமி ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தே வாசித்த ஒருவருக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மருந்துக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருக்க அந்தப் பணம் உதவுகிறது என்று வாங்குகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் வாத்தியார் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், நீங்களே உட்கார்ந்து அவருக்கு நிரப்பிக் கொடுங்கள்.

மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான கலை மன்றம் வயதுவாரியாக ஐந்து விருதுகள் தருகிறது. 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. புதியவர்கள் இந்த முதல் இரண்டைக் குறிவையுங்கள். பரிசுத்தொகை சிறியது. ஆனால் கோப்பில் அந்தச் சான்றிதழ் சேர்ந்தபின் அடுத்த விண்ணப்பங்களின் எடையே மாறிவிடும்.

படிக்க வயது இருக்கிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. 12 முதல் 25 வயதுவரை சேரலாம், படிப்பு மூன்று ஆண்டு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத்தருகிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் கற்கத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிப் படிப்பு நின்றுபோன பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். மேலே படிக்க விரும்பினால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன.

குருவிடம் ஐந்து வருடமாவது கற்ற 18 முதல் 25 வயது இளைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. நாட்டுப்புறக் கலைகளும் இதில் அடங்கும். ஆனால் நம் பக்கத்துக் கிராமியக் கலைஞர்கள் விண்ணப்பிப்பது அரிது. படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பதே காரணம். கல்லூரியில் படிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். நேர்முகத்தில் கலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள், அங்கே உங்களுக்குப் பயம் வேண்டாம். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு திறமைத் தேடல் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் குரு பெயரோடு பிள்ளையின் பெயர் பதிவாகிவிடும்.

குழுவாகச் சேர்ந்து பதிவு செய்வது

தனியாளாகக் கேட்கும் உதவிக்குச் சங்கம் தேவையில்லை. விழா நடத்தவோ, பயிற்சி கொடுக்கவோ, மத்திய அரசின் நிதி கேட்கவோ நினைத்தால் பதிவுபெற்ற அமைப்பு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிவு செய்வது சுலபம். வருடா வருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் அபராதம் கட்டித்தான் மீளவேண்டும். குழுவில் கணக்கு எழுதுகிற பொறுமை உள்ள ஒருவர் கிடைக்கும்வரை பதிவைத் தள்ளிப்போடுங்கள் என்றே நான் சொல்வேன்.

படம் எடுக்க வருபவர்களுக்கு

சினிமாவில் அரசு உதவி வேறு மாதிரி இயங்குகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் படம் முடிந்தபின்தான் உதவி வரும். குறைந்த செலவில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களைக் குழு வைத்துத் தேர்ந்தெடுத்துத் தலா 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் பெண் இயக்குநர்களின் படத்தைத் தயாரிக்கவே அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019 முதல் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஒதுக்குகிறது. அப்படி முன்பணம் தரும் முறை இங்கும் வந்தால் எத்தனையோ பேர் நிலத்தை அடகு வைக்காமல் முதல் படம் எடுப்பார்கள்.

அதுவரை ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: மானியத்தைப் பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள். 2009 முதல் 2014 வரையான படங்களுக்குரிய மாநிலத் திரைப்பட விருதுகள் 2022 செப்டம்பரில்தான் கையில் கிடைத்தன. அவ்வளவு காலம் வட்டி கட்ட யாராலும் முடியாது. மானியம் தயாரிப்பாளர் பெயருக்குத்தான் போகும். அதனால் நண்பர்கள் காசு போட்டு எடுக்கும் படத்தில், வந்தால் யாருக்கு எவ்வளவு என்று படப்பிடிப்புக்கு முன்பே முத்திரைத்தாளில் எழுதி வையுங்கள்.

கற்றுக்கொள்ளவேண்டும் என்றால் தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் முதல் தேர்வாக இருக்கட்டும். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் ஆகியவற்றில் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் உள்ளன. தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. கதை கையில் இருந்தால் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திரைக்கதைப் பட்டறைக்கு அனுப்புங்கள், மொழி தமிழாக இருப்பது தடையில்லை. நவம்பரில் கோவா திரைப்பட விழாவை ஒட்டி 2007 முதல் நடக்கும் திரைப்படச் சந்தையான பிலிம் பஜாரில், இன்னும் முழுதாக முடியாத படத்தையும் காட்டி ஆலோசனை பெறலாம்.

அனுமதிகளில் ஒரு சின்ன எச்சரிக்கை. அரசு இடங்களில் படமெடுக்கச் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் விண்ணப்பிக்கவேண்டும். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு, அங்கே தனி அனுமதி. கிராமத்துப் படம் எடுப்பவர்கள் தவறுவது இன்னொரு இடத்தில்: விலங்கு. ஒரு இளைஞர் கல்யாண வீட்டுக் காட்சியில் ஆட்டுக்குட்டியைப் பையன் தூக்கிக்கொண்டு ஓடுவதாக எடுத்திருந்தார். அழகான காட்சி, அரை நிமிடம்தான். விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதியும், எடுத்தபின் தடையில்லாச் சான்றும் வாங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தணிக்கைக்குப் போன இடத்தில் அந்தக் காட்சியை வெட்டவேண்டியதாகிவிட்டது. ஆடு, மாடு, கோழி, புறா எது வந்தாலும் திரைக்கதையில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, முதல் நாளே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

கொடுத்தபின் செய்யவேண்டியது

எந்த விண்ணப்பமானாலும் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாதம் ஒருமுறை மண்டல அலுவலகத்துக்கு நேரில் போய், விண்ணப்ப நாளைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். “எந்தக் காகிதம் குறைகிறது, ஐயா?” என்று கேட்டால் அங்கே இருப்பவரே எடுத்துப் பார்த்துச் சொல்வார். ‘ஆள் தெரியும், முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டு வருகிறவர்களிடம் அசல் ஆவணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பம்பைக்காரரின் எட்டு நோட்டீஸோடு, அவர் தொடர்ந்து வாசித்த மூன்று ஊர்களின் கமிட்டிகளிடம் சான்று வாங்கிச் சேர்த்து அனுப்பினோம். இந்தப் பங்குனியில் அவர் பேரன் குழுவோடு வாசிக்கப் போன ஊரின் நோட்டீஸை எனக்குப் போனில் அனுப்பினார். வானவேடிக்கை உபயத்துக்குக் கீழே, பம்பை என்று போட்டு, தாத்தா பெயரும் பேரன் பெயரும் இனிஷியலோடு அச்சாகியிருந்தன.